மலை முடியும் இடம் – 9: பன்றி கட்டும் கூடு

சென்ற வாரம் புரோகா குன்றில் நின்றோம். நீலாயிலிருந்து மந்தின், லெங்கெங் தாண்டினால் வந்துவிடும் அந்தக் குன்றின் உச்சியெல்லாம் லாலாங் புல். நீலகிரியின் புல்வெளிகள் சோலைக்காடுகளோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பவை. புரோகாவின் புல்லோ காடு போன இடத்தில் வந்து குடியேறியது. அங்கே என்ன போயிற்று என்பது பார்த்தவுடன் தெரியும். இந்த வாரம் பார்க்கப்போகும் காட்டில் மரங்கள் வானளாவ நிற்கின்றன. அங்கே நடந்திருப்பதைக் கண்டுபிடிக்கவே விஞ்ஞானிகளுக்கு இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

தாய்லாந்து எல்லையிலிருந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர் இறங்கிவரும் தித்திவங்சா மலைத்தொடர் நம் நெகிரி செம்பிலானில்தான் தாழ்ந்து முடிகிறது. சிரம்பானிலிருந்து அங்சி மலையின் ஓரமாக புக்கிட் புத்துஸ் ஏறி, கோலா பிலாவில் இறங்கி, வடக்கே சிம்பாங் பெர்த்தாங் பக்கம் போனால் பாசோ வனக்காப்பகம். ஒருபுறம் குன்றுக்காடு, மற்ற மூன்று புறமும் செம்பனை. 1970களில் இருந்தே அப்படித்தான்.

உலகக் காட்டியல் நூல்களில் பாசோவுக்குத் தனி இடம் உண்டு. 1985-இல் தொடங்கி அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமான மரங்கள், 800-க்கும் மேற்பட்ட வகைகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி எண்ணுவதென்று ஏற்பாடு. இந்தப் பெருவேலையை முன்னின்று நடத்திய மலேசியக் காட்டாராய்ச்சிக் கழகத்து ஆய்வாளர்களில் ஒருவர் என். மனோகரன். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பெயர் என்று நினைக்கிறேன்.

அதே கழகத்தில் இருந்த எஸ். அப்பண்ணா, மெரந்தி மரங்கள் சிலவற்றின் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது இலைப்பேன் என்கிற மிகச் சிறிய பூச்சிதான் என்று பாசோவில் கண்டறிந்தவர்களில் ஒருவர். மெரந்தியும் அதன் இனத்து மரங்களும் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூத்து, ஒன்றாகக் காய்த்து, சிறகு முளைத்த விதைகளைக் கொட்டும். தின்பவை தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டுவதால் மிச்சம் முளைக்கும். அடுத்து வருவது நீண்ட பஞ்சகாலம். அந்தப் பஞ்சமே காட்டுப்பன்றிகளின் எண்ணிக்கையை அடக்கிவைத்தது. காடு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இது.

அதன் அருகில் நாம் செம்பனையை நட்டோம். ஆண்டு முழுக்கக் குலை தள்ளும் மரம். தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு ஆட்களே மகரந்தப் பொடி தூவ வேண்டியிருந்தது. அந்த வேலையில் நம் பெண்கள் எத்தனையோ பேர். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டு கொண்டுவரப்பட்டது. அதன்பின் பொடி தூவும் வேலையே இல்லாமல் போனது, குலைகளில் பழம் நன்றாகப் பிடித்தது. உதிர்ந்து கிடக்கும் பழம் பன்றிக்கும் விருந்து. பால்மரத் தோட்டத்தில் அதற்கு இப்படியொரு தீனி கிடைத்ததே இல்லை.

1990களில் கேலன் இக்கிஸ் என்ற ஆய்வாளர் பாசோவில் பன்றிகளைக் கணக்கிட்டார். 1996-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47, 1998-இல் 27. இயல்பான மழைக்காட்டில் இதில் சிறு பங்குகூட இருக்காது. புலியும் சிறுத்தையும் அங்கே வேட்டையாடிய காலம் போய்விட்டது. வேட்டைக்குப் போகிற தோட்டத்து ஆண்களும் குறைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் காட்டுப்பன்றிப் பிரட்டல் மணந்த காலத்தில், அந்தக் கறிக்குப் பின்னால் காட்டுக்கும் ஒரு நன்மை நடந்துகொண்டிருந்தது.

தின்பதோடு நின்றிருந்தால் காடு ஓரளவு தாங்கியிருக்கும். ஈனும் காலம் நெருங்கியதும் தாய்ப்பன்றி தோட்டத்தை விட்டுக் காட்டின் உள்ளே போய்விடுகிறது. அங்கே இளங்கன்றுகளைக் கடித்து ஒடித்தும் வேரோடு பிடுங்கியும் குவித்துக் கூடு கட்டி, அதற்குள் குட்டி போடுகிறது. ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள் போகின்றன. எல்லாம் நாளைக்கு மெரந்தியாகவும் கெருயிங்காகவும் நிற்க வேண்டியவை. பன்றியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. குட்டிகளுக்கு உலர்ந்த பாதுகாப்பான இடம் தேடும் தாய் அது.

இக்கிஸும் உடனிருந்தவர்களும் காட்டுக்குள் சில இடங்களுக்கு 1996-இல் வேலி போட்டுப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில், வேலிக்கு வெளியே முளைத்து வந்ததைவிட மூன்று மடங்கு கன்றுகள் உள்ளே. பிறகு 2017-இல் மேத்யூ லஸ்கினும் குழுவினரும் 24 ஆண்டு விவரங்களைச் சேர்த்து வெளியிட்ட ஆய்வு முழுப் படத்தையும் காட்டியது. செம்பனைப் பழத்தால் பன்றிகள் 100 மடங்கு பெருகியிருந்தன. கூடு கட்டியதால் இளங்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்திருந்தது. அதுவும் தோட்ட எல்லையிலிருந்து 1.3 கிலோமீட்டருக்கும் அப்பால், கோடரி படாத காட்டுக்குள்.

இந்த 1.3 கிலோமீட்டர்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. வனக்காப்பகம் என்று அறிவித்து எல்லைக்கல் நட்டுவிட்டால் காட்டைக் காத்துவிட்டதாக நாம் நம்புகிறோம். சுற்றுலாப் பயணி வந்து அண்ணாந்து பார்த்தால் பாசோ அழகாகவே இருக்கும், ஏனென்றால் நூறு வயது மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு அடுத்து வரவேண்டிய தலைமுறையில் பெரும்பகுதி முழங்கால் உயரத்திலேயே போய்விட்டது. பெரிய மரங்கள் விழத் தொடங்கும்போது அந்தக் கணக்கை இன்றைய சிறுவர்கள் பார்ப்பார்கள்.

2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவுக்குள் வந்து காட்டுப்பன்றிகளையும் கொன்றது. சிலர் இதைக் காட்டுக்கு வந்த விடுதலையாகப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பன்றியும் அந்தக் காட்டின் உயிர்தான், புலிக்கு இரையும் அதுவே. தீனி கிடக்கும்வரை பன்றிகள் மறுபடி பெருகும்.

செய்யக்கூடியது தோட்டத்திலேயே இருக்கிறது. உதிரிப் பழத்தில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்று எந்த மண்டோருக்கும் தெரியும். ஆள் பற்றாக்குறையால் அது மரத்தடியிலேயே கிடந்து வீணாகிறது. காட்டை ஒட்டிய வரிசைகளிலாவது அன்றன்றைக்கு உதிரி பொறுக்க ஆள் போட்டு, பொறுக்குபவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால் ஆலைக்கும் லாபம், கன்றுகளும் பிழைக்கும். 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு நாட்டின் நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயமாகியிருக்கிறது. வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டுக்குத் தோட்டம் என்ன செய்கிறது என்ற கேள்வியும் அந்தச் சோதனையில் அழுத்தமாக இடம்பெற வேண்டும். மரத்தடியில் என்ன கிடக்கிறது, இரவில் எது வந்து தின்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் குலை வெட்டுபவர்களும் உதிரி பொறுக்குபவர்களும்தான். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அவர்களிடம் கேட்கட்டும்.

பாசோவில் இல்லாமல் போன புலி, தித்திவங்சாவின் வடக்கே இன்னும் எங்கே நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.