ஒரு மீன் 29,000 மீனாகும் கணக்கு

அலாஸ்காவை ஒட்டிய கிழக்கு பேரிங் கடலில், 1982 முதல் ஒரே வகை வலையால், ஒரே முறையில் இழுவலை ஆய்வு நடந்துவருகிறது. கோடையில் அமெரிக்க அரசின் மீன்வள விஞ்ஞானிகள் செய்யும் அந்த ஆய்வின் அளவுகள் இவை:

ஆய்வுப் பரப்பு: சுமார் 4.9 லட்சம் சதுர கி.மீ.
வலை இறக்கும் இடங்கள்: 376 (2023 வரை)
ஒரு கட்டம்: 20 × 20 கடல்மைல் (1,372 சதுர கி.மீ.)
ஒரு இழுப்பு: 3 நாட் வேகத்தில் 30 நிமிடம் (சுமார் 2.8 கி.மீ.)
வலைவாய் விரியும் அகலம்: சுமார் 17 மீட்டர்
ஒரு இழுப்பில் துழாவும் தரை: 0.047 சதுர கி.மீ.
376 இழுப்பும் சேர்த்து: சுமார் 18 சதுர கி.மீ.

அதாவது, மொத்தப் பரப்பில் 0.004 விழுக்காடுகூட வலைக்குள் வருவதில்லை. வலையின் மடியில் விழும் ஒரு மீன் அந்தக் கட்டத்தின் 29,000 மீன்களுக்குச் சாட்சி சொல்கிறது. இந்தக் கடலில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபடும் பொல்லாக் மீனின் பிடிப்பு ஒதுக்கீட்டுக்கும் இந்தச் சாட்சி ஓர் ஆதாரம்.

சாட்சி எங்கே தவறும்?

மேலே: வலைவாயின் உயரம் சில மீட்டர்தான். அதற்கு மேல் நீந்தும் பொல்லாக் தப்பிவிடும். அதனால் அதற்குத் தனியாக ஒலியலை ஆய்வும் நடக்கிறது.
கீழே: சிறு நண்டுகள் வலையின் அடிக்கயிற்றுக்குக் கீழே நழுவிவிடும்.
பக்கத்தில்: தட்டை மீன்களை இழுவைக் கயிறுகள் வலைவாய்க்குள் விரட்டிவிடும், அவற்றின் எண்ணிக்கை கூடித் தெரியும்.

இந்தப் பிழைகள் ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்தால் கெடுதல் இல்லை. ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். கடலே மாறும்போதுதான் ஆபத்து. 2016-ஐவிட 2017-இல் காட் மீனின் எடை மதிப்பீடு 37 விழுக்காடு சரிந்தது. ஆனால் வழக்கமான ஆய்வு எல்லைக்கு வெளியே, வடக்கு பேரிங் கடலில், 2010-இல் கண்டதைப்போல 10 மடங்கு காட் இருந்தது. அவை தெற்கத்திக் கூட்டமே என்று மரபணுச் சோதனை காட்டியது. வடக்கிலும் வலை இறக்கியிராவிட்டால் இடம்பெயர்ந்த மீனை இறந்த மீனாக எழுதியிருப்போம்.

பனி நண்டின் கதை வேறு. 2018-இல் உச்சத்தில் இருந்த எண்ணிக்கை 2021-க்குள் 1,000 கோடிக்கு மேல் சரிந்தது. கடல் சூடேறியதில் உணவுத் தேவை கூடி, நண்டுகள் பட்டினியில் இறந்தன என்பது 2023-இல் வந்த ஆய்வின் முடிவு. இடையில் 2020-இல் கொரோனாவால் இழுவலை ஆய்வு நடக்கவில்லை. சரிவு எந்தக் கோடையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வாய்ப்பு அதோடு போயிற்று. 2022 அக்டோபரில் அந்த நண்டுப் பிடிப்பு வரலாற்றில் முதன்முறையாக மூடப்பட்டது.

இழுவலை எண்ணை மீன் தலைக்கணக்காக நம்பக்கூடாது. போக்கைக் காட்டும் குறியாக நம்பலாம். அந்த நம்பிக்கைக்கு மூன்று செலவுகள் உண்டு: வலையை மாற்றாமல் வைப்பது, மீன் நகர்ந்தால் எல்லையை விரிப்பது, ஓர் ஆண்டும் விடாமல் கடலுக்குப் போவது. சிக்கனம் என்று இவற்றில் கைவைக்கும் அரசு, மீனவரின் பிழைப்பில் கைவைக்கிறது.