தள்ளாட்டத்துக்குக் குடி மட்டுமா காரணம்?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைச் சரிவில், கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒருவர் கால் தடுமாறினாலும் வெட்டு கோணலாகிவிடும். முப்பதைத் தாண்டிய ஒருவர் இப்படித் தடுமாறி, பேச்சும் குழறினால், தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு ‘தண்ணி போட்டிருக்கான்’ என்பதுதான். நீண்டகாலக் குடியும் சிறுமூளையைக் கெடுக்கும் என்பதால் சில வீடுகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் குடிக்காதவரிடமும், அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே நடை இருந்த குடும்பத்திலும் அந்த விளக்கம் செல்லாது. அங்கே மரபணுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

காரணம், தமிழரிடையே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. எஸ்.சி.ஏ. 1 என்ற பரம்பரைச் சிறுமூளை நோய் ஒரு தமிழ்ச் சமூகத்தில் வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்று 2005-ல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. அது 39 முறையோ அதற்கு மேலோ இடையறாமல் நீண்டால், உருவாகும் புரதம் சிறுமூளைச் செல்களை மெல்ல அழிக்கிறது. நடை அகலும், கையெழுத்து குலையும், கண்ணசைவு மந்தமாகும், கடைசியில் விழுங்குவதும் சிரமமாகும். தலைமுறை இறங்க இறங்க எழுத்துத் தொடர் நீண்டு, நோய் இளம் வயதிலேயே தலைகாட்டுவதும் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். இந்த நோய்க்கு அது பொருந்தாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தம் ஊரிலும் உறவிலும் திரட்டியே தமிழரை மலாயாவுக்கு அழைத்து வந்தார்கள். இந்திய அரசு 1938-ல் அதைத் தடுக்கும்வரை நடந்த அந்தக் குடியேற்றத்தில் ஒரு குடும்பத்தின் மரபணுவும் கூடவே கப்பலேறியிருக்கலாம். ஆகவே கேமரன் மலையின் தானா ராட்டா நகர மருத்துவர், நோயாளியின் தாத்தா நடந்த விதத்தையும் கேட்டறிய வேண்டும்.

மருந்தில்லாத நோயைத் தெரிந்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. முதற்பயன், மருந்துள்ள நோயைத் தவறவிடாமல் இருப்பது. வைட்டமின் இ குறைவால் வரும் பரம்பரைத் தள்ளாட்டத்தை அந்த வைட்டமினே கட்டுப்படுத்தும். பி12 குறைவுக்கும் தைராய்டு கோளாறுக்கும் அப்படியே மருந்து உண்டு. இவை இல்லையென்று சாதாரண ரத்தச் சோதனையில் தெரிந்த பிறகே மரபணுவைப் பார்ப்பார்கள். இதே வகைச் சிறுமூளை நோயாளிகளுக்கு நான்கு வாரம் தீவிர உடற்பயிற்சி கொடுத்தபோது நடையும் சமநிலையும் மேம்பட்டதாக ஜப்பானிய ஆய்வொன்று 2012-ல் காட்டியது. குடிகாரன் என்று ஒதுக்கப்பட்டவருக்கு இந்தப் பயிற்சியை யார் தருவார்கள்? செங்குத்துச் சரிவிலிருந்து சமதள வேலைக்கு மாற்றச் சொல்லவும் அவர் கையில் ஒரு மருத்துவச் சான்று வேண்டுமே.

சோதித்தால் பிள்ளைகளின் கல்யாணம் தடைபடும் என்ற பயம் உண்மையானது, அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் நோயுற்றவரைச் சோதிப்பது வேறு, அறிகுறியே இல்லாத பிள்ளையைச் சோதிப்பது வேறு. பதினெட்டு நிரம்பாதவரை இதற்காகச் சோதிக்கக் கூடாது என்பதே மரபியல் மருத்துவர்களின் நெறி. வளர்ந்த பிள்ளை தெரிந்துகொள்ளாமலே இருக்கவும் உரிமை உண்டு. சம்பந்தி வீட்டாரோ முதலாளியோ கேட்டார்கள் என்பதற்காக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. சோதித்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் மரபியல் ஆலோசகரிடம் பேச வேண்டும், சோதனை முடிவு வந்த பிறகும் பேச வேண்டும். மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு தமிழிலேயே கிடைக்க மருத்துவமனைகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.