வெண்டைக்காயின் கொழகொழப்பு

"வெண்டைக்காய் தின்றால் கணக்கு நன்றாக வரும்" என்று சொல்லி ஊட்டப்படாத பிள்ளைகள் நம்மில் குறைவு. நானும் நிறையவே தின்றிருக்கிறேன். கணக்கு என்னவோ போட்டுப் பார்த்த பிறகுதான் வந்தது! மூளைக்கென்று தனிச் சத்து எதுவும் அக்காயில் இல்லை. ஆனால், நாம் முகம் சுளித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் அந்தக் கொழகொழப்பு கவனிக்கத்தக்க ஒரு பொருள்.

பிஞ்சு வெண்டைக்காய் ஒன்றை நறுக்கி, இரு துண்டுகளை ஒட்டவைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நூல் நூலாக இழுபடும். தண்ணீரை இப்படி இழுக்க முடியுமா? முடியாது, பரப்பு இழுவிசை அதை உடனே துளிகளாக அறுத்துவிடும். வெண்டைச் சாற்றில் காலக்டோஸ், ராம்னோஸ், காலக்டுரானிக் அமிலம் ஆகியவை கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இருக்கின்றன. இழுக்கும்போது அவை நீண்டு கொடுத்து, நூல் அறுபடாமல் காக்கின்றன. செம்பருத்தி இலையைக் கசக்கினாலும் இதே வழவழப்பு வரும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பருத்தியும் அவற்றின் உறவுதான்.

வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே நம் வீடுகளில் நறுக்குவார்கள். நறுக்கியபின் நீர் பட்டால் சங்கிலிகள் அதில் கரைந்து பரவிவிடும். வதக்கும்போது ஒரு கரண்டி மோரோ புளிக்கரைசலோ விடுவதும் உண்டு. அது ஏன்? சங்கிலியிலுள்ள அமிலத் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி நீண்டு கிடக்கிறது. புளிப்பிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அம்மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் சங்கிலி சுருள்கிறது, பாகுநிலை குறைகிறது. கூலூம் விதியை நம் பாட்டிமார் வாணலியிலேயே கையாண்டிருக்கிறார்கள்! அமெரிக்காவின் லூசியானாவிலோ, 'கம்போ' என்னும் குழம்பைக் கெட்டியாக்க இந்தக் கொழகொழப்பையே விரும்பிச் சேர்க்கிறார்கள்.

100 கிராம் பச்சை வெண்டைக்காயில் ஏறத்தாழ 90 கிராம் நீரே. மீதியில் நார்ப்பொருள் 3 கிராம், கால்சியம் 80 மில்லிகிராம், வைட்டமின் சி 23 மில்லிகிராம் அளவில் உள்ளன. நாரில் ஒரு பகுதி நாம் பார்த்த சங்கிலிகள்தாம். குடலில் அவை உணவுக் கூழைக் கெட்டிப்படுத்துகின்றன. கெட்டியான கூழில் குளுகோஸ் மூலக்கூறுகள் மெதுவாகத்தான் விரவும். ஆகவே இரத்தத்தில் சர்க்கரை சேர்வதும் மெதுவாகும்.

இதைக் கேள்விப்பட்ட என் உறவினர் ஒருவர், வெண்டைக்காய் ஊறிய நீரைத் தினமும் காலையில் பருகத் தொடங்கினார். மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் கண் மங்கலாகி மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. நாரால் சர்க்கரை சேர்வதை மெதுவாக்க முடியுமேயன்றி, நீரிழிவு நோயைத் தீர்க்க முடியாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மட்டும் சரியா? அதிலும் சிக்கல் இருக்கிறது. 2011-இல் வெளியான வங்கதேச ஆய்வு ஒன்றில், எலிகளுக்கு வெண்டை நீரையும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தையும் ஒருங்கே கொடுத்தார்கள். மருந்து உடலில் சேர்வதே குறைந்துபோயிற்று. சர்க்கரையைத் தடுத்த கூழுக்கு மருந்து மட்டும் விலக்கா?

உறவினர் இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வெண்டைக்காய், மோர்க்குழம்பில் மிதக்கிறது.