நியாயஸ்தலத்தில் ஒரு நினைவுப் படம்

கொலையுண்ட மகளின் புகைப்படத்தைக் கையில் ஏந்தி ஒரு தாய் நிற்கிறாள். "அம்மா, படத்தை மூடி வையுங்கள்" என்று சொல்ல நம்மில் யாருக்கு மனம் வரும்? ஆனால் அவள் நிற்குமிடம் நியாயஸ்தலமாகவும், எதிரே கூண்டில் நிற்பவனுடைய உயிர் அந்தப் படத்தைப் பொறுத்ததாகவும் இருந்தால்? அமெரிக்க நீதிபதிகளை நெடுநாளாகத் திணற வைக்கும் கேள்வி இது.

அந்நாட்டில் மரண தண்டனை கோரப்படும் வழக்குகளில் விசாரணை இரு கட்டமாக நடைபெறும். எதிரி குற்றவாளிதானா என்பது முதற் கட்டம். அவனுக்கு மரணமா, சிறைவாசமா என்பது அடுத்தது. இந்த இரண்டாவது கட்டத்தில் மாண்டவரின் குணநலன்களையும் குடும்பத்தாரின் துயரத்தையும் ஜூரர்களிடம் சொல்லலாகாது என்று 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டுகளில், 1991-ல், அதே கோர்ட் அதை மாற்றிவிட்டது. கொன்றவன் தன் இளமைக் கஷ்டங்களைச் சொல்லி இரக்கம் தேடலாம். மாண்டவர் மட்டும் முகமற்றவராகவே இருக்க வேண்டுமா என்பது அதன் கருத்து. நியாயமான கருத்துத்தான். விசாரணையின் நேர்மையே கெடும் அளவுக்குப் போனால் சட்டம் தலையிடும் என்றும் கோர்ட் சொல்லி வைத்தது. அந்த அளவு எது என்பதைத்தான் வரையறுக்கவில்லை.

திறந்த கதவு வழியே சினிமா நுழைந்தது! கலிபோர்னியாவில் ஒரு வழக்கில், 19 வயதில் கொலையுண்ட பெண்ணின் வாழ்க்கையைச் சுமார் 20 நிமிஷ வீடியோவாகக் காட்டினார்கள். மழலைப் பருவம், நீச்சல், குதிரைச் சவாரி, பள்ளி விழா எல்லாம் அதில் உண்டு. தாயே கதை சொல்கிறாள். பின்னணியில் என்யாவின் சங்கீதம். முடிவில் கல்லறை, பிறகு பரந்த வெளியில் குதிரையேறிச் செல்வோர். மாகாண சுப்ரீம் கோர்ட் 2007-ல் மரண தண்டனையை உறுதி செய்தது. 2008 நவம்பரில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலை ஏற்க மறுத்தது. இத்தகைய படங்களுக்கு எல்லை வகுப்பது கோர்ட்டின் கடமை என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். நீதிபதி பிரேயரோ மறுப்புக்கே உடன்படவில்லை.

டெக்ஸாஸ் உயர்ந்த கிரிமினல் கோர்ட் 2002-ல் வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே மாண்டவன் ஒரு வாலிபன். காட்டப்பட்டவை சுமார் 140 புகைப்படங்கள். பாதிக்கு அருகில் அவனுடைய குழந்தைப் பருவத்தவை. இவற்றைப் பாட்டோடு சேர்த்து 17 நிமிஷம் காட்டியது தவறு என்றது அந்தக் கோர்ட்.

நமக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது. தாய் பேசட்டும், ஜூரர்கள் தலை வணங்கிக் கேட்கட்டும். இரண்டொரு படங்களையும் பார்க்கட்டும். ஆனால் படமெடுத்து வைக்க ஆளில்லாத ஓர் அநாதை கொலையுண்டால், அவனுயிர் மலிவாகிவிடுமா? சாட்சி சொல்லும் தாயை வக்கீல் கேள்வி கேட்கலாம். சங்கீதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய யாரால் முடியும்?