மாற்றம் காக்கும் காவலன்

நூல் ஒன்றின் விலை 40 ரூபாய். மூன்று நூல்கள் வேண்டுவோன் 120 ரூபாய் தருதல் வேண்டும். மூன்றை ஐந்தாக்கினால் தொகை 200 ஆதல் வேண்டும். இதனை அறியாத மாணவர் இலர். ஆயின், கணிப்பொறி இதனைத் தானே உணருமோ? உணராது. நாம் கற்பித்தாலன்றி அது பழைய தொகையையே காட்டி நிற்கும்.

இணையப் பக்கங்களை இயக்கும் மொழிகளுள் தலையாயது ஜாவாஸ்கிரிப்ட் ஆகும். பிரெண்டன் ஐக் என்பார் இதனை 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் படைத்தார். இம்மொழியில், விலையை எண்ணிக்கையால் பெருக்கித் தொகையாகக் கொள்க என எழுதினால், அக்கோவை அப்பொழுதே ஒருமுறை கணிக்கப்படும். விடையாகிய 120 மட்டுமே நினைவகத்தில் தங்கும். அது பிறந்த வழி தங்காது. பின்னர் எண்ணிக்கை ஐந்தாயினும் தொகை மாறாது. அதனை நம்பி விற்போனுக்கு 80 ரூபாய் இழப்பாகும்.

ஆதலின், கோவையைக் கண்காணிக்க ஒரு காவலன் வேண்டும். மாற்றம் நேர்ந்தவுடன் செய்யத்தக்க பணியை ஒரு செயற்கூறாக எழுதி, அவனிடம் முன்னரே ஒப்படைத்தலும் வேண்டும். உரிய வேளையில் அவனே அதனை அழைப்பான்.

இக்காவல் இருவகைப்படும். முதலாவது, சென்று பார்த்தல். ஏரிக் காவலன் நாள்தோறும் நீர்மட்டத்தை அளந்து, முன்னாள் அளவோடு ஒப்பிடுதல் போன்றது இது. 2010இல் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ் என்னும் கட்டமைப்பு இம்முறையைக் கையாண்டது. திரையில் நிகழ்ச்சி ஒன்று நேரும்தோறும், அது கோவைகளை மீண்டும் கணித்துப் பழைய விடைகளோடு ஒப்பிட்டது. எத்தகைய கோவையையும் காக்கலாம் என்பது இதன் நன்மை. கோவைகள் பெருகின் விரைவு குன்றும் என்பது இதன் குறை.

இரண்டாவது, வாயிலில் நிற்றல். பொருளின் முன்னே காவலனை நிறுத்தினால், உட்புகும் புதுமதிப்பு ஒவ்வொன்றும் அவனைக் கடந்தே செல்லும். 2015ஆம் ஆண்டு மொழித்தரத்தில் இடம்பெற்ற பிராக்சி இதற்குரிய கருவியாகும். 2020இல் வந்த வியூ மூன்றாம் பதிப்பு இதனை அடிப்படையாகக் கொண்டது. இங்கு மாறியது எது என வீணே தேட வேண்டுவதில்லை. எனினும், வாயிலை விடுத்து மூலப்பொருளையே நேரே மாற்றினால் காவலன் அறியான்.

மாணவர்காள்! இங்கு ஓர் இடர் உண்டு. அழைக்கப்பெற்ற செயற்கூறு, தான் காக்கும் மதிப்பையே மாற்றினால் என்னாகும்? மாற்றம் அழைப்பைத் தரும், அழைப்பு மீண்டும் மாற்றத்தைத் தரும், முடிவிராது. வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். இதனை முன்னுணர்ந்தே ஆங்குலர்ஜேஎஸ், பத்துச் சுற்றுகளுக்குள் மாற்றம் ஓயாவிடின் பிழையென அறிவித்து நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டது.

ஆகவே, காவல் அமைக்கப் புகுவோர் மூன்றனைத் தெளிதல் வேண்டும்: காக்கப்படுவது எது? மாறியவுடன் செய்வது யாது? அச்செயல் காக்கப்படுவதையே தீண்டுமோ? இம்மூன்றும் தெளிந்தார் எழுதும் நிரலில் தொகை பிழையாது.