மஞ்சள் கடுதாசி: இதெல்லாம் தெரியுமா?

வட்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். உள்ளே இருக்கும் அப்பா பையனிடம், "அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லுடா" என்கிறார். பையன் ஓடிப்போய், "அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்கிறான்.

பழைய ஜோக்தான். ஆனால் அந்த அப்பாவுக்குச் சட்டத்தில் ஒரு தனி இடம் இருக்கிறது, தெரியுமா? 1920-ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். கடன் கொடுத்தவரை இழுத்தடிக்கும் எண்ணத்தோடு வீட்டை விட்டுப் போனாலோ, அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் பதுங்கினாலோ, அதுவே ஒரு 'திவால் செயல்'. அதை வைத்துக் கடன் கொடுத்தவர் 3 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போய், "இவரை திவாலானவர் என்று அறிவியுங்கள்" என்று மனுப் போடலாம். கதவுக்குப் பின்னால் நிற்பதைக்கூட வெள்ளைக்காரன் விடாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

சரி, எவ்வளவு கடன் இருந்தால் மனுப் போடலாம்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய். ஆமாம், ஐந்நூறுதான். இன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் வராது. நூறு வருடம் தாண்டியும், சென்னை, மும்பை, கல்கத்தா நீங்கலாக, தனிமனிதர்களுக்கு இந்தச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. நம் ஊரில் "ஐ.பி. கொடுத்துட்டாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அந்த ஐ.பி. இதன்கீழ் போடும் இன்சால்வென்சி பெட்டிஷன்தான். தமிழ்நாடு முழுக்க அதற்கு ஒரே செல்லப்பெயர்: மஞ்சக் கடுதாசி.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் என்று வையுங்கள். ஒன்று ஒருவரின் சொந்தக் கடை. மற்றது பிரைவேட் லிமிடெட். இரண்டும் ஒரே நாளில் நொடிக்கின்றன. முதல் கடைக்காரர் 1920 சட்டத்தோடு உள்ளூர் கோர்ட் படி ஏறுவார். இரண்டாவது கடைக்கு 2016-இல் வந்த புதிய திவால் சட்டம். அதற்குச் சுமார் 400 கிலோமீட்டர் தாண்டி, சென்னையில் இருக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே நுழைவுச் சீட்டு 500 ரூபாய் இல்லை. நிலுவை குறைந்தது 1 கோடி ரூபாய். 2020 மார்ச் வரை அது 1 லட்சமாக இருந்தது, கொரோனா வந்ததும் ஏற்றினார்கள். வழக்கு இழுபறி உட்பட 330 நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று கெடுவும் உண்டு. நடுச்சுவர் ஒன்றுதான், சட்டம் இரண்டு!

இன்னொரு வேடிக்கை. 1920-இல் இந்தச் சட்டம் பிறந்தபோது புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் போட்ட சட்டம் சமஸ்தான எல்லைக்குள் தானாக நுழைந்துவிட முடியாது. சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் என்று வெள்ளைக்காரன் சட்டம். நடுவில் தனித் தீவாகப் புதுக்கோட்டை. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகுதான் அந்த வேலி போனது.

"மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டா கடன் அதோட ஒழிஞ்சுது" என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கட்டும். மனு கொடுப்பது வெறும் தொடக்கம். யார் யாருக்கு எவ்வளவு என்று முகவரியோடு பட்டியல் கொடுக்க வேண்டும்; அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். சொத்து கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விடும். கடைசியில் 'விடுவிப்பு' என்று தனியாக ஒரு உத்தரவு வாங்கினால்தான் விமோசனம். அதற்கும் ஒரு கணக்கு: ரூபாய்க்கு எட்டணா தேறாவிட்டால், "என் தப்பால் இல்லை" என்று நிரூபிக்க வேண்டும். சட்டத்தில் அணா இன்னும் உயிரோடு இருக்கிறது பாருங்கள்! முந்தின வருடமே தோப்பை மச்சான் பெயருக்குச் சும்மா எழுதி வைத்த கெட்டிக்காரருக்கும் பிரிவு உண்டு. எழுதிக் கொடுத்து 2 வருடத்துக்குள் திவால் மனு வந்தால் அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். மனைவிக்குக் கட்டவேண்டிய ஜீவனாம்சமோ எந்த விடுவிப்பிலும் கரையாது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? இங்கேதான் எனக்குச் சிலிர்த்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, தொடக்கூடாத பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை. தச்சரின் உளி, குடியானவரின் ஏரும் மாடும் விதைநெல்லும். அப்புறம், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. அதாவது தாலி! இந்த விலக்கு திவாலானவருக்கும் பொருந்தும். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விலக்கே கிடையாது: கணக்குப் புத்தகம். பேரேட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் குடியிருக்கும் வீட்டுக்கும் இப்படி விலக்கு உண்டு, அதன் விலைக்கு உச்சவரம்பே இல்லை. பல வருடமாக வாழும் சொந்த வீடென்றால், மாளிகையாகவே இருந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். நம் 1920 சட்டத்திலோ நொடித்த கடையில் வேலை பார்த்த பையனுக்கு முன்னுரிமையில் கிடைக்கும் சம்பளப் பாக்கி 20 ரூபாய்தான். அச்சுப் பிழை இல்லை, இருபதேதான்.

திவால் என்றதும் செட்டிநாட்டை விட்டுவிட்டுப் பேச முடியுமா? 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார வங்கி கதவைச் சாத்தியது. பென்ஷன்காரர், விதவை, வக்கீல் என்று ஆயிரக்கணக்கானோர் பணம் உள்ளே சிக்கிக்கொண்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல்! வெள்ளைக்கார 'சர்' ஒருவர் சென்னையில் களி தின்னப் போனது அன்று எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சூட்டிலேயே வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யரும் செட்டிநாட்டு நகரத்தார்களும் கைகோத்து 1907-இல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி.

ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி என்று நம் மாவட்டத்து நகரத்தார் ஊர்களிலிருந்தும் வட்டித் தொழிலுக்காகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-இல் அது சுமார் 25 சதவீதம்! பேரேட்டில் ஜமீன்தார், பெட்டியில் ரொக்கம் இல்லை. பிறகு 1942-இல் ஜப்பான் படை வந்தது. சுதந்திர பர்மாவின் அரசு நிலத்தையும் எடுத்துக்கொண்டது. தமிழில் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆயுளில் பார்த்த குடும்பங்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் திவாலில் சொத்தை ஒளித்தால் தூக்கு, தெரியுமா? 1706-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஜான் பெரட் என்ற வியாபாரியை 1761-இல் லண்டனில் அதற்காகவே தூக்கில் போட்டார்கள். அதே இங்கிலாந்தில் இன்று சாதாரணமாக 12 மாதத்தில் விடுவிப்பு!

செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. கோடி அற்புதர் பதுவை அந்தோணியார் கடனாளிகளுக்காக வாதாடியவர். 1231-இல் அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், சொத்தை ஒப்படைத்துவிட்டவரைச் சிறையில் வைக்கக்கூடாது என்று இத்தாலியின் பதுவை நகரம் சட்டம் போட்டது. பிற்பாடு சிறைக்குப் பதில் ஒரு கல். உள்ளாடையோடு அதில் மூன்று முறை உட்கார்ந்து, "என் சொத்தைத் துறந்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கறுப்புக் கல் இன்னும் அங்கே இருக்கிறது.

சிங்கப்பூரில் திவாலானவர் அனுமதி வாங்காமல் வெளிநாடு போக முடியாது, எம்.பி.யாகவும் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த, அந்நாட்டு எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினம் அவதூறு வழக்கு நஷ்டஈட்டைக் கட்ட முடியாமல் 2001-இல் திவாலாக அறிவிக்கப்பட்டு நாடாளுமன்ற இடத்தை இழந்தார். வக்கீல் தொழிலும் போயிற்று. தெருவில் நின்று தான் எழுதிய புத்தகங்களை விற்றார். 2007-இல் மீண்டார், 2008-இல் புதுக்கட்சி தொடங்கிய சில மாதங்களில் இறந்தார். வைராக்கியம் என்றால் அது. எழுத்தாளர் மார்க் ட்வைன் கதை இன்னொரு மாதிரி: 1894-இல் திவாலாகி, உலகம் சுற்றிப் பேச்சுக் கச்சேரி நடத்தி (பம்பாய், கல்கத்தா, இலங்கை எல்லாம் வந்தார்), சட்டப்படி கட்டத் தேவையில்லாததையும் 1898-க்குள் கட்டி முடித்தார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் முறை ஒன்று நம் மண்ணிலேயே இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தப் பக்கமெல்லாம் பாண்டியர் ஆட்சியில் இருந்தபோது மார்க்கோ போலோ வந்தார். கடன் கொடுத்தவர், வாங்கியவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடுவாராம். கட்டாமலோ ஈடு காட்டாமலோ அந்தக் கோட்டைத் தாண்டினால் மரணதண்டனை. கோர்ட் இல்லை, ரிசீவர் இல்லை, ஒரு கோடு! மன்னரே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பாக்கி வைத்து, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மன்னர் குதிரையில் வரும்போது வியாபாரி குறுக்கே புகுந்து, குதிரையைச் சுற்றிச் சட்டென்று வட்டம் போட்டுவிட்டார். தன் கண்ணால் பார்த்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். வியாபாரிக்குப் பணம் வந்து சேரும்வரை மன்னரின் குதிரை அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றது.