திரைக்குப் பின்னால் ஒரு புள்ளி

செருப்பை வாசலில் விட்டுட்டு சீக்கிரம் உள்ளே வாங்க! ஒரு மளிகைக் கடையின் இணையதளம் இன்றைக்கு ராத்திரி வெளியே வரப்போகிறது. இந்த நிமிஷம் வரை அது என் லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. மேலே 127.0.0.1 என்று தெரிகிறதா? ‘இதே மெஷின்தான்’ என்று அர்த்தம். உங்களையும் என்னையும் தவிர யாரும் இன்னும் பார்க்கவில்லை!

நான் படித்தது பி.காம். பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் பக்கத்து சீட்டு அண்ணன் கண்ட்ரோலையும் ‘யூ’வையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். பளபளவென்று இருந்த பக்கத்துக்குப் பின்னாலிருந்து வரி வரியாகக் கொட்டியது நிரல். அன்றைக்குப் பிடித்த பித்து. மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு முதல் பக்கம் போட்டேன், பிறகு ஒரு கம்பெனியில் 4 வருஷம், பிறகு இந்த மேசை.

நான் தினமும் புழங்குகிற பி.எச்.பி. என்ற நிரல்மொழியும் தனி ஆள் மேசையில் பிறந்ததுதான். இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் எழுதிய குட்டி நிரல்கள் அவை. அடுத்த வருஷமே எல்லோருக்கும் திறந்துவிட்டார். அந்த மொழியில் 2003இல் வந்த, தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ்தான் எங்களில் பலருக்கு இன்று சோறு போடுகிறது.

வேலை கைக்கு வந்ததும் நான் லேப்டாப்பைத் திறக்க மாட்டேன். கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருவேன். இந்த மளிகைக் கடையில் அண்ணாச்சி கல்லாவில் இருக்க, போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாதிப் பேர் கேட்டது ஒன்றையேதான்: “ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கடை இருக்கும் அண்ணாச்சி?” கிடைத்துவிட்டது பக்கத்தின் முதல் வரி! அவருக்கோ உச்சியில் அப்பா படம்தான் வேண்டும். “ஐயா படம் பெருசாவே இருக்கட்டும் அண்ணாச்சி, நேரம் மட்டும் அதுக்கு மேல ஒரு வரி” என்றேன். ஒப்புக்கொண்டார். பாதிப் பணம் முன்னால், மீதி தளம் ஏறியதும். முன்பணம் வாங்காத வேலையில் உறவும் கெடும், வேலையும் கெடும். இதில் எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது.

இப்போ இன்னும் கிட்டே வாங்க, இதைக் காட்டத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். பொருள்களின் பெயர் செல்போன் திரையில் அடங்கட்டும் என்று 10 எழுத்தோடு வெட்டச் சொல்லியிருந்தேன். ‘மஞ்சள் தூள்’ எப்படி வந்தது தெரியுமா? ‘மஞ்சள் தூள’. கடைசிப் புள்ளியைக் காணோம்! நாம் எண்ணினால் நடுவிலுள்ள இடைவெளியோடு சேர்த்து 7தான். கணினியின் எழுத்து முறையான யூனிகோடு எண்ணினால் 11. அதற்கு ‘ஞ்’ என்றால் ஞ ஒன்று, புள்ளி ஒன்று. ‘தூ’ என்றால் த ஒன்று, ஊகாரக் குறி ஒன்று. பத்தோடு வெட்டினால் பதினோராவதாக வந்த புள்ளி வெளியே நிற்கும். ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்க: நமக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 5, யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்!

ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர் என்று எழுத்து பிரிக்கும் கருவி ஒன்று உண்டு. இந்தப் பெயரை நாம் எண்ணுகிற மாதிரியே 7 என்று எண்ணுகிறது. அதைப் போட்டுப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். வந்துவிட்டது புள்ளி! ராத்திரியில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். ஒரு புள்ளிக்காக அரை நாள் போயிற்று, அதை நான் பில்லில் ஏற்றவில்லை. ஒரு கடைப் பக்கத்தில் தமிழ் பிழையாக நிற்பதைவிட அரை நாள் போவது மேல்.

மணி 11.40. டொமைனை சர்வர் பக்கம் திருப்பியாயிற்று, தளம் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக் குறியும் வந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “திறந்துருச்சு தம்பி!” என்று கத்தினார். முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார், அப்பா படத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உங்கள் ஊர்க் கடையின் தளத்தைக் கணினியில் திறந்தால், ஒரு தடவை கண்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்திப் பாருங்க. எங்கள் உழைப்பு அந்த வரிகளில்தான் இருக்கிறது.